தேர் திரும்பும் முனை

திருப்போரூர் கந்தசாமி கோயில் மாசித் தேர் நேர்வீதியில் வரும்வரை எல்லோருடைய கண்ணும் கலசத்தில் இருக்கும். வீதி முனை வந்ததும் விஷயம் தெரிந்தவர்கள் சக்கரத்தைப் பார்ப்பார்கள். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது; அச்சும் திரும்பாது. அவ்வளவு பாரத்தையும் முனைக்கு முனை திருப்பிக் கொண்டுபோய் நிலை சேர்ப்பது முட்டுக்கட்டை போடும் சிலருடைய கைதான். உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் குனிந்தபடி பின்பக்கமாகவே நடந்து வருவார்கள். தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுத்துவிட்டு, கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். அந்தச் சக்கரம் திணறும், மறுபக்கத்துச் சக்கரம் ஓடும், தேர் முகம் திருப்பும்.

நாவலூரில் நெல் விளைந்துகொண்டிருந்த காலத்தில் அங்கே பிறந்த ஒரு பையன், சித்தப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போய் ஆண்டுதோறும் இதைப் பார்த்தான். பின்னாளில் அவர் இயற்பியல் ஆசிரியரானார். பதினோராம் வகுப்பில் திருப்பு விசை பாடம் எடுக்கும் நாளில் புத்தகம் கதவையும் ஸ்பேனரையும் காட்டும். அவர் கரும்பலகையில் வரைவது தேர்ச்சக்கரத்தை. வடம் இழுக்கும் விசை தேரின் நடுவழியாக முன்னோக்கிப் போகிறது. கட்டை தடுக்கும் விசை ஓரத்தில், பின்னோக்கி. இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் தேரைத் திருப்புகிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கட்டை கொடுத்தால் தேர் நின்றுவிடும், திரும்பாது. “விசை எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க, அது எங்க விழுதுன்னு கேளுங்க” என்பார்.

நின்ற தேரைக் கிளப்புவதும் இதே பாடம்தான். பின்சக்கரத்தின் அடியில் நீண்ட நெம்புகட்டையைச் செருகி, அதன் மறுமுனையில் நாலைந்து பேர் ஏறி மிதிப்பார்கள். கட்டையின் நீளம்தான் அந்த நாலைந்து பேரை நாற்பது பேராக்குகிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. அங்கேயும் முனையில் தேரைத் திருப்ப முட்டுக்கட்டையைத்தான் நம்புகிறார்கள்.

அவர் பிளஸ் ஒன் சேர்ந்தது 1984-ல். தமிழ்நாட்டில் பிளஸ் டூ படிப்பு வந்து ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நாவலூர் வழியாகப் போகும் பழைய மகாபலிபுரம் சாலை (ஓஎம்ஆர்) அப்போது, எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று மண்ணில் இறங்கி வழிவிட வேண்டிய ரோடு. பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆய்வகம் என்ற பெயரில் ஒரு அறை இருந்தது; அதில் தராசும் ஊசலும் தவிர பெரிதாக எதுவும் இல்லை. இயற்பியல் வாத்தியார் அதற்காக யாரையும் நொந்துகொண்டதில்லை. வட்ட இயக்கம் எடுக்கும் நாளன்று சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு அலுமினிய வாளியை வாங்கி வந்தார். பாதி தண்ணீர் பிடித்து, மைதானத்தில் நின்று தலைக்கு மேலாகச் சுழற்றினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

“தண்ணி ஏன்டா கொட்டல?”

“வெளிய தள்ளுது சார்.”

“எது தள்ளுது?”

பதில் இல்லை. வாத்தியார் அந்தப் பையனையே கூப்பிட்டு வாளியைக் கையில் கொடுத்தார். சுற்றச் சொன்னார். சுற்றிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: “இப்ப நீ வாளியத் தள்றியா, இழுக்கிறியா?” இழுத்துக்கொண்டிருந்தான். தோள்பட்டை வலிக்கும்படி உள்ளுக்குள் இழுத்துக்கொண்டிருந்தான். வாளியை வெளியே தள்ளுகிற கை ஒன்று அங்கே எங்கும் இல்லை.

கணக்கு பிறகு வந்தது. கையும் வாளியும் சேர்ந்து ஒரு மீட்டர் என்று வைத்தால், உச்சியில் வாளிக்குக் குறைந்தபட்சம் விநாடிக்கு 3.1 மீட்டர் வேகம் வேண்டும். சீராகச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு இரண்டு விநாடி. அதைவிட மெதுவாகச் சுற்றினால் தலையில் தண்ணீர். உச்சியில் இருக்கும் தண்ணீரும் விழத்தான் செய்கிறது. ஆனால் வாளியும் அதற்குக் குறையாத முடுக்கத்தில் வளைந்து கீழே வருவதால் தண்ணீர் அதைவிட்டுப் பிரிய வழியில்லை. இந்த விளக்கத்தை வகுப்பு முழுக்க எழுதிக்கொண்டது. நம்பியவர்கள் குறைவு. பஸ் வளைவில் திரும்பும்போது எல்லோரும் வெளிப்பக்கம் சாய்கிறார்களே, அது என்ன என்ற கேள்வி அப்படியே நின்றது.

அந்தக் கேள்விக்குப் பதில் அடுத்த மாசியில் கிடைத்தது. திருவிழாக் கடைகளுக்குப் பின்னால் மரணக்கிணறு போட்டிருந்தார்கள். பலகைகளை நிறுத்திவைத்துக் கட்டிய வட்டச் சுவர், மேலே சுற்றிலும் நின்று பார்ப்பதற்குப் பரண். பைக் அடியில் இரண்டு சுற்று சுற்றி, சாய்ந்த பலகையில் ஏறி, பிறகு செங்குத்துச் சுவரில் படுத்தபடி ஓடியது. பரணே அதிர்ந்தது. டயர் கடந்து போகும் இடத்தில் ஒவ்வொரு பலகையும் வெளிப்பக்கம் ஒரு விரற்கடை நெளிந்து, டயர் போனதும் பழையபடி நேரானது. அதை அவன் பக்கத்திலிருந்து பார்த்தான். டயர் பலகையை வெளியே தள்ளுகிறது. அப்படியென்றால் பலகை டயரை உள்ளே தள்ளுகிறது. அந்த உள்நோக்கிய தள்ளல் இருக்கும்வரை பைக் வட்டத்தில் போகும். ஒரு பலகை திடீரென்று இல்லாமல் போனால்? கிணற்றின் நடுவிலிருந்து நேர் வெளியே பைக் பாயாது. அந்தக் கணத்தில் எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே, தொடுகோட்டில், நேராகப் போகும். பஸ்ஸில் சாய்கிறவர்களின் கதையும் இதுவே. அவர்களை யாரும் தள்ளவில்லை. அவர்கள் நேராகப் போகிறார்கள், பஸ் திரும்பிவிடுகிறது.

அன்று இரவு வீட்டுத் திண்ணையில் அவன் போட்ட கணக்கை இன்றும் அவர் மாணவர்களுக்குக் கொடுக்கிறார். கிணற்றின் ஆரம் 5 மீட்டர், டயருக்கும் பலகைக்கும் உராய்வுக் குணகம் 0.6. பைக் சறுக்காமல் இருக்க எவ்வளவு வேகம் வேண்டும்? விநாடிக்கு 9 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர். நாவலூர் சந்தில் ஸ்கூட்டர் ஓட்டும் வேகம். இதில் பைக்கின் எடை எங்கும் வராது. ஒல்லியான ஆளுக்கும் கனத்த ஆளுக்கும் ஒரே வேகம்தான். விடை வந்ததும் பிள்ளைகள் நம்பாமல் திரும்ப ஒருமுறை போடுவார்கள்.

வெளியே தள்ளுகிறது என்று சொல்லும் மாணவனை அவர் திட்டியதே இல்லை. ஹாலந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659-ல் வட்ட இயக்கத்தின் கணக்கை முதன்முதலில் சரியாகப் போட்டபோது, அவரும் அதை வெளிநோக்கிய விசையாகத்தான் எண்ணினார். சூத்திரம் சரி, திசை பற்றிய எண்ணம்தான் பாக்கி. 1679-ல் ராபர்ட் ஹூக் நியூட்டனுக்கு எழுதிய கடிதத்தில், கோள்களின் பாதையை நேர்கோட்டு இயக்கமும் மையத்தை நோக்கிய ஈர்ப்பும் சேர்ந்ததாகப் பார்க்கலாமே என்று கேட்டார். 1687-ல் நியூட்டனின் பிரின்சிபியா வந்தது. மையநோக்கு விசை என்ற கருத்து நிலைபெற்றது. ஐரோப்பாவின் ஆகச் சிறந்த மூளைகளுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்த ஒன்றை, நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் ஒரு பிள்ளை பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சுழலும் பொருளோடு சேர்ந்து நாமும் சுழன்றபடி கணக்குப் போட்டால் மையவிலக்கு விசை தேவைப்படும். ரோட்டில் நின்று பார்க்கிறவருக்கு அது கிடையாது. எங்கே நின்று பார்க்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். பாடநூலும் இதைச் சொல்கிறது. ஆனால் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு வரையறையை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும் என்று ஆகிவிட்டதால், அந்தப் பத்தியைப் படிப்பவர் இல்லை.

வாத்தியார் காட்டியவற்றில் அவரால் மறக்கவே முடியாதது சைக்கிள் சக்கரம். வாடகை சைக்கிள் கடையிலிருந்து ஒரு பழைய முன்சக்கரத்தைக் கொண்டுவந்தார். டயரைக் கழற்றிவிட்டு, ரிம்மின் பள்ளத்தில் கட்டுக்கம்பியைச் சுற்றுச் சுற்றாகச் சுற்றிக் கனமாக்கியிருந்தார். அச்சின் ஒரு முனையில் மட்டும் கயிற்றைக் கட்டி வராந்தா உத்திரத்தில் தொங்கவிட்டார். சும்மா விட்டதும் சக்கரம் தொப்பென்று சாய்ந்து கிடையாகத் தொங்கியது. பிறகு அதை நிமிர்த்திப் பிடித்து வேகமாகச் சுழற்றிவிட்டு, மறுமுனையிலிருந்து கையை எடுத்தார். சக்கரம் விழவில்லை. ஒற்றைக் கயிற்றில், அச்சு படுத்தவாக்கில், காற்றில் நின்றபடி கயிற்றைச் சுற்றி மெல்ல வலம்வந்தது. வகுப்பே வராந்தாவுக்கு வந்துவிட்டது. பக்கத்து வகுப்பு வணிகவியல் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள்.

எடை கீழே இழுக்கிறது. அது உண்டாக்கும் திருப்பு விசையின் திசையோ பக்கவாட்டில். சுழலாத சக்கரத்தை அந்தத் திருப்பு விசை சாய்த்துவிடும். சுழலும் சக்கரத்துக்கு ஏற்கெனவே அச்சின் வழியாகக் கோண உந்தம் இருக்கிறது. திருப்பு விசை அதன் அளவை மாற்றாமல் திசையை மட்டும் நகர்த்துகிறது. ஆகவே அச்சு விழாமல் சுற்றிவருகிறது. வேகமாகச் சுழலும்போது வலம் மெதுவாக இருக்கும். உராய்வில் சுழற்சி தளரத் தளர வலம் வேகமெடுக்கும். கடைசியில் அச்சு தாழ்ந்து சாய்ந்துவிடும். தெருவில் பம்பரம் விட்ட பிள்ளைகள் எல்லோரும் இந்தக் கடைசி ஆட்டத்தைப் பார்த்தவர்கள்தான். அதற்குப் பின்னால் ஒரு சமன்பாடு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. வட்ட இயக்கத்தில் விசை வேகத்தைக் கூட்டாமல் திசையை மட்டும் மாற்றுகிறது என்று படித்தார்களே, அதே கதை இங்கே கோண உந்தத்துக்கு நடக்கிறது. இரண்டும் ஒன்றே என்று சொன்ன வாத்தியார், அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் சக்கரம் நிற்கும்வரை கூடவே நின்று பார்த்தார்.

ஆசிரியரான பிறகு அவர் தாமாகச் சேர்த்துக்கொண்டது, செலவே இல்லாத ஒரு பந்தயம். ஒரு பலகையைச் சற்றுச் சாய்த்துவைத்து, கண்ணாடி வளையலையும் நாணயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் உருட்டிவிடுவது. எப்போதும் நாணயம்தான் ஜெயிக்கும். பெரிய வளையல், சின்ன நாணயம் என்று மாற்றிப் பார்த்தாலும் முடிவு மாறாது. வளையலின் நிறை முழுவதும் விளிம்பில் இருப்பதால் அதன் நிலைமத் திருப்புத்திறன் கூடுதல்; இறங்கும்போது கிடைக்கும் ஆற்றலில் பாதியை அது சுழல்வதற்கே செலவழித்துவிடுகிறது. நாணயம் மூன்றில் ஒரு பங்கைத்தான் அப்படிச் செலவழிக்கிறது. வகுப்பில் வளையல் போட்டிருந்த மாணவிகள் எல்லோரும் கழற்றிக் கொடுப்பார்கள். ஒன்றிரண்டு உடையவும் உடையும்.

இப்போது நாவலூர் பழைய நாவலூர் இல்லை. இரண்டு பக்கமும் அடுக்ககங்கள், மென்பொருள் நிறுவனங்கள், நடுவே மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு வரும் மெட்ரோவின் தூண்கள். இந்த ஊரின் பிள்ளைகளுக்கு வட்ட இயக்கத்தைக் காட்ட மரணக்கிணறு வரை போக வேண்டியதில்லை. தண்ணீர் லாரி போதும். ஓஎம்ஆர் அடுக்ககங்களில் பாதிப் பேருக்கு அதைப் பார்க்காமல் பொழுது விடியாது.

15 மீட்டர் ஆரமுள்ள ஒரு சமதளத் திருப்பம். காய்ந்த ரோட்டில் உராய்வுக் குணகம் 0.7 என்றால், மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர் வரை டயர் சறுக்காது. மழையில் குணகம் பாதியானால் அந்த எல்லை 26-க்கு இறங்கிவிடும். இது காருக்கும் ஸ்கூட்டருக்கும் பொதுவான கணக்கு. லாரிக்கு இன்னொரு கணக்கும் உண்டு, அதுதான் ஆபத்து. அதன் நிறைமையம் உயரத்தில் இருக்கிறது. நிறைமையம் 1.8 மீட்டர் உயரத்தில், சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதி 0.9 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே திருப்பத்தில் 31 கிலோமீட்டரைத் தாண்டியதும் உள்பக்கச் சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பும். சறுக்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடும். தொட்டி பாதி நிரம்பியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். லாரி திரும்ப, தண்ணீர் நேராகப் போகப் பார்க்கும். வெளிப்பக்கச் சுவரில் ஏறிக் குவியும். நிறைமையமும் அந்தப் பக்கமே நகர்ந்துவிடும். தொட்டிக்குள் குறுக்கே தடுப்புத் தகடுகள் வைப்பது பிரேக் போடும்போது தண்ணீர் முன்னால் பாயாமல் இருக்கத்தான். பக்கவாட்டில் பாய்வதை அவை அவ்வளவாகத் தடுப்பதில்லை. இந்தக் கணக்கைப் போட்டு முடித்த மாணவர்கள் யூடர்ன் எடுக்கும் டேங்கர் லாரிக்குப் பக்கத்தில், வெளிப்புறம், வண்டியை நிறுத்தமாட்டார்கள். அவர் பாடம் எடுத்ததில் நேரடியான பயன் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், அவர் இதைத்தான் சொல்வார்.

பாடத்தின் பெரிய வடிவம் தெற்கே, கல்பாக்கத்தில் இருக்கிறது. அவர் பிளஸ் ஒன் சேர்ந்த அதே 1984-ன் ஜனவரியில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு வணிக உற்பத்தியைத் தொடங்கியது. வகுப்புத் தோழர்களில் ஒருவர் பிறகு மின்நிலைய வேலைக்குப் போனார். டர்பைன் பற்றி அவர் சொன்னதில் ஒன்று இவர் மனத்தில் ஒட்டிக்கொண்டது. சூடான சுழலியை நிறுத்திய பிறகும் சும்மா விடக்கூடாது. தனி மோட்டார் வைத்து மணிக்கணக்கில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஆற விட வேண்டும். இல்லாவிட்டால் தண்டு இம்மியளவு வளைந்துவிடும். அந்த இம்மிக்கு என்ன விலை? நம் மின்சாரம் விநாடிக்கு 50 அலைவு. அதற்காக இந்த வகை டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றுகிறது. ஒரு மீட்டர் ஆரத்தில் ஒரு கிலோ இரும்பு அந்த வேகத்தில் சுற்றினால், அதை வட்டத்தில் பிடித்துவைக்க ஏறத்தாழ பத்து டன் எடைக்குச் சமமான விசை வேண்டும். ஒரே ஒரு கிலோவுக்கு.

அந்தப் பிடி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பது 1993 மார்ச் 31 அதிகாலையில் உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் தெரிந்தது. முதல் அலகின் டர்பைனில் இரண்டு பிளேடுகள் அடியில் விரிசல் கண்டு முறிந்து பறந்தன. மற்ற பிளேடுகளையும் சிதைத்தன. ஒரு பக்கம் எடை குறைந்த சுழலி கடுமையாக அதிர, ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. கேபிள்கள் எரிந்து நிலையம் பதினேழு மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. ஊழியர்கள் டார்ச் வெளிச்சத்தில் ஏறிப்போய் அணு உலைக்குள் போரான் கரைசல் இறங்கும் வால்வுகளைக் கையால் திறந்தார்கள். கதிர்வீச்சு வெளியே வரவில்லை. செய்தி வந்த நாளில் அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் ஆசிரியர். அந்தப் பத்திரிகையோடு வகுப்புக்குப் போய், சமன்பாட்டை எழுதி, ஆரத்தையும் சுற்றையும் போட்டுக் காட்டினார். பின்வரிசையும் அன்று பேசவில்லை.

“பூமியும்தான சுத்துது, நாம ஏன் சார் பறந்து போகல?” என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்பார்கள். நாவலூர் இருக்கும் அட்சரேகையில் நாம் எல்லோரும் கிழக்கு நோக்கி விநாடிக்குச் சுமார் 453 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம், மணிக்கு 1600 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் வட்டம் பெரிது. அதில் திரும்புவதற்குத் தேவைப்படும் முடுக்கம் 0.033 மட்டுமே, புவியீர்ப்போ 9.8. கேள்வி கேட்ட பிள்ளையையே வகுக்கச் சொல்வார். முந்நூறில் ஒரு பங்கு என்று வரும்.

கேளம்பாக்கம்–வண்டலூர் சாலைப் பக்கம் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே போய்ச் சங்கிலிக்குண்டு எறிதலை ஒருமுறையாவது நேரில் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்வது அவர் வழக்கம். ஆண்களுக்கான குண்டு 7.26 கிலோ; நிற்கும் வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர். 1986-ல் சோவியத் வீரர் யூரி செடிக் எறிந்த 86.74 மீட்டர் இன்றும் உலக சாதனை. அந்தத் தூரத்துக்குக் கையைவிட்டுக் கிளம்பும்போது வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் வேண்டும். 1.8 மீட்டர் ஆரம் என்றால் கம்பியில் விழும் இழுவிசை சுமார் 3600 நியூட்டன், 370 கிலோவைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். வீரர் பின்னால் சாய்ந்து அத்தனையையும் உள்ளே இழுக்கிறார். விட்ட கணத்தில் குண்டு அவர் நெஞ்சுக்கு நேரே பறப்பதில்லை, பக்கவாட்டில் போகிறது. வெளியே தள்ளும் விசை என்ற எண்ணம் யாருக்காவது மிச்சம் இருந்தால் அங்கே அது தீர்ந்துபோகும்.

இந்தக் கடற்கரைப் பகுதியில் இயற்பியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாசித் தேர் வரும் நேரத்தில் தேர்வும் நெருங்கிவிடும், பாடம் முடிக்கும் அவசரம் இருக்கும், தெரிந்ததுதான். இருந்தாலும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைத் திருப்போரூருக்கு அழைத்துப் போங்கள். வடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், முனையில், சக்கரம் தெரியும்படி, பத்திரமான தூரத்தில் நிறுத்துங்கள். தேர் நிலை சேர்ந்த பிறகு கட்டை போட்ட பெரியவர்களில் ஒருவரைப் பிள்ளைகளோடு பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். கேட்டால் மறுக்கமாட்டார்கள்.